பின்னறைச் சுவருக்கு என்ன நிறம்

முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். போன சனிக்கிழமை கிள்ளானில் பெயிண்ட் கடையில் நின்றுகொண்டு உங்களோடு பேசிவிட்டேன். மனசுக்குள் இல்லை, வாய்விட்டு. கடைக்காரத் தவுக்கே ஒரு டின்னின் மூடியை நெம்பிக் காட்டினார். அந்த வாசனை மூக்கில் ஏறியதும் எனக்கு வருடமெல்லாம் குழம்பிப்போனது. வலது கையில் ஒரு மஞ்சள் அட்டை, இடது கையில் இன்னொரு மஞ்சள் அட்டை. பக்கத்தில் திரும்பி, "என்னங்க, இதுல எது?" என்றேன்.

பக்கத்தில் நின்றது விற்பனைக்கு வைத்திருந்த ஏணி.

தவுக்கே என்னைப் பார்த்தார், ஏணியைப் பார்த்தார். "ரெண்டும் நல்லா இருக்கு லா அம்மா" என்றார். நல்ல மனிதர். உங்களைச் சொல்ல வேண்டும். உயிரோடு இருந்தபோதும் இந்தக் கேள்விக்கு நீங்கள் ஏணி சொல்கிற பதிலைத்தான் சொல்வீர்கள். அதனால்தான் எனக்கு வித்தியாசம் தெரியாமல் போயிருக்கும்.

துக்க வருடம் முடிந்துவிட்டது. போன தீபாவளிக்குப் பலகாரம் சுடவில்லை, சுவரில் பிரஷ் படவில்லை. இப்போது அடிக்கலாம். மகள் ஷா ஆலமிலிருந்து வாரம் இரண்டு தடவை போன் செய்கிறாள். "சாயம் அடிச்சு வீட்ட வித்துட்டு எங்ககூட வந்துரும்மா. தனியா அங்க என்ன பண்றீங்க?" நானும் சரி என்று தலையாட்டிவிட்டேன். ஹாலும் சமையலறையும் அடித்தாயிற்று. பின்னறை மட்டும் பாக்கி. அந்த அறையைப் பற்றி உங்கள் மகளுக்கு நாம் சொன்னதில்லை அல்லவா. அதனால் அவளுக்குப் புரியாது, நான் ஏன் இழுத்தடிக்கிறேன் என்று.

பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்த வரைக்கும் நமக்கு நிறம் என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்கிற வேலையே இல்லை. ரயில்வேயில் அடித்துக் கொடுத்த அழுக்கு மஞ்சள்தான் எல்லா வீட்டுக்கும். கிள்ளானில் இந்தப் பழைய வரிசை வீட்டை வாங்கி, லோரியில் சாமான் ஏற்றிக்கொண்டு வந்தபோதுதான் என் சொந்தச் சுவருக்கு என் இஷ்டப்படி அடிக்கலாம் என்று எனக்குத் தலைகால் புரியவில்லை. கலர் டிவி வந்த புதிது அது. தெருவே வாயைப் பிளந்துகொண்டு பார்த்தது. நீங்கள் மட்டும், "பழைய டிவியே போதும்" என்றீர்கள். கஞ்சத்தனம் என்று ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தேன்.

பின்னறைச் சுவரில் மூன்று கட்டம் போட்டு வைத்தேன். இளம்பச்சை, ரோஸ், சந்தனம். ஒரு வாரம் வெயிலிலும் மழை இருட்டிலும் பார்த்து முடிவு செய்யலாம் என்று உங்களைக் கூப்பிட்டேன்.

"இந்தா, ஒரே கலர எதுக்கு ரெண்டு தடவ அடிச்சு வச்சிருக்க?" என்றீர்கள்.

"எது ஒரே கலரு? அது பச்ச, இது ரோஸு. ராத்திரி பொண்ணு பாக்க வந்தீங்களோ, இல்ல பகல்லயா? என் சேல என்ன கலருன்னு ஞாபகம் இருக்கா?"

நீங்கள் சிரிக்கவில்லை. என் கட்டங்களை விட்டுவிட்டு ஜன்னலுக்குப் பக்கத்துச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். அங்கே நான் ஒன்றும் அடிக்கவில்லை. முன்பிருந்தவர்கள் அடித்த பழைய பச்சை மட்டும்தான்.

"கட்டம் போடுறது இருக்கட்டும். முதல்ல அத மறை."

"எத?"

"அந்தப் புள்ளய."

நான் கிண்டல் என்று நினைத்தேன். உங்களுக்குக் கிண்டல் வராது என்பது அப்புறம்தான் ஞாபகம் வந்தது. கிட்டே போய் விரலால் கோடு இழுத்துக் காட்டினீர்கள். இது தலை, இது தோள், இது பாவாடையோ கைலியோ. உங்கள் இடுப்பு உயரம். ஒரு கை மேலே தூக்கியிருக்கிறது, என்னைத் தூக்கு என்று கேட்கிற மாதிரி. உங்கள் விரல் போன இடத்திலெல்லாம் நான் வெறும் பச்சையைத்தான் பார்த்தேன். வெளியே நல்ல வெயில். எனக்குக் கையில் மயிர் எழுந்து நின்றது.

"எனக்குத் தெரியாதது உங்களுக்கு மட்டும் எப்படித் தெரியுது?" என்று கேட்டேன்.

கதவைச் சாத்திவிட்டுச் சொன்னீர்கள். உங்களுக்குச் சிவப்பும் பச்சையும் ஒன்று. அதனால்தான் ரயில்வேயில் கொடி காட்டுகிற வேலை கிடைக்காமல் கூட்ஸ் ஷெட்டில் மூட்டையோடு நின்றீர்கள். மூட்டை தூக்கத்தான் பிடிக்கும் என்று எல்லாரிடமும் சொல்லிவைத்தீர்கள், கட்டிக்கொண்ட என்னிடமும் சேர்த்து. "தம்பிக்கும் இதே கண்ணுதான். எங்க அம்மா குடுத்தது" என்றீர்கள். பிறகு, "நீங்கல்லாம் நிறத்தப் பாக்குறீங்க. நான் அடியில இருக்கற தடத்தப் பாக்குறேன்" என்றீர்கள்.

பக்கத்து வீட்டு மலாய்க்கார அக்காவிடம் போய்ப் பேச்சோடு பேச்சாகக் கேட்டேன், முன்னால் இருந்தவர்களுக்கு எத்தனை பிள்ளைகள் என்று. "மானா அடா புடாக்?" என்றார். பிள்ளை ஏது, இரண்டு கிழவர்கள்தான் இருந்தார்கள், வீடு கட்டியதிலிருந்து அவர்கள்தான் என்றார். அதை உங்களிடம் அன்றைக்குச் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன்.

சந்தனம் அடித்தோம். "போச்சா?" என்று கேட்டேன். "நிக்குது" என்றீர்கள். அடுத்த தீபாவளிக்கு அழுத்தமான ரோஸ். நிற்கிறது. நீலம் உங்கள் கண்ணுக்கு நன்றாகத் தெரியும் என்பதால் ஒரு வருடம் நீலத்தை இரண்டு பூச்சு அடித்தேன். நீல அறையில் நிற்கிறது. சுரண்டி எடுத்துவிடலாம் என்று நான் தகடு கொண்டுவந்தபோதுதான் என் கையைப் பிடித்தீர்கள். "சுரண்டாத. வலிக்கும்." யாருக்கு என்று நான் கேட்கவில்லை.

பிறகு பழகிப்போனது. மழை வந்தால் அந்த ஜன்னல் கம்பியில் சட்டை காயப்போடப் போவீர்கள். நேராகப் போக மாட்டீர்கள். அந்த இடத்தில் ஓரடி ஒதுங்கி, யாருக்கோ வழி விட்டு, அப்புறம் போவீர்கள். "யாருக்குங்க வழி விடுறீங்க? எனக்கு ஒரு நாளாவது இப்படி ஒதுங்கியிருக்கீங்களா?" என்று கேலி செய்வேன். கேலி செய்துவிட்டு நானும் ஒதுங்கித்தான் போவேன். ஒரு நாள் அவசரத்தில் அந்த இடத்தில் துணிக்கூடையை வைத்துவிட்டேன். நீங்கள் எடுத்து நகர்த்தி வைத்தீர்கள். கூட்ட பஸ்ஸில் அடுத்தவர் காலில் படாமல் பையை நகர்த்துவோமே, அந்த மாதிரி.

கடைசி மூன்று மாதம் உங்களை அந்த அறையில்தான் படுக்க வைத்தோம். காற்று வரும் என்று மகள் சொன்னாள். எனக்கு இஷ்டமில்லை. நீங்கள்தான் சரி என்றீர்கள். அப்போது சுவர் வெள்ளை. ஒரு சாயங்காலம் கஞ்சி கொண்டுவந்தேன். சுவரையே பார்த்துக்கொண்டு சொன்னீர்கள், பாசாரில் மீன் விலை சொல்கிற குரலில்:

"இப்ப கைய எறக்கிருச்சு."

"எதுக்காம்?"

"தெரியல. இனிமே கேக்க வேண்டியதில்லன்னு இருக்கும்."

கஞ்சியில் உப்புக் குறைச்சல் என்றீர்கள். அடுத்த வாரம் போய்விட்டீர்கள்.

என் சங்கடம் இதுதான். அது சுவரை விட்டுப் போய்விட்டது என்று தெரிந்தால், வீட்டைக் கொடுத்துவிட்டு நிம்மதியாக மகளிடம் போய்விடலாம். நிற்கிறது என்றால், யாரிடம் ஒப்படைத்துவிட்டுப் போவது? வாங்குகிறவர்களிடம் என்ன சொல்வது? என் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. பதினெட்டு வருடம் உங்கள் கண்ணைக் கடன் வாங்கிப் பார்த்தவள் நான். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், கேலி செய்யாதீர்கள். இந்த ஒரு வருடமாக அந்தச் சுவருக்கு முன்னால் நான் நின்று பார்த்தது அந்தப் பிள்ளைக்காக மட்டும் இல்லை.

அதனால் உங்கள் தம்பியைச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டேன். ஸ்ரீ கெம்பாங்கானிலிருந்து ஞாயிற்றுக்கிழமை மோட்டார் சைக்கிளில் வந்தார். அந்தப் பிள்ளையைப் பற்றி நீங்கள் அவரிடம் சொன்னதில்லை, நானும் சொன்னதில்லை. ஒரு கால் உறை பச்சை, ஒரு கால் உறை பழுப்பு. அதைப் பார்த்ததும் எனக்கு நம்பிக்கை வந்தது. கண் இன்னும் அதே கண்தான்.

அவர் வருவதற்குள் அந்தச் சுவருக்கு மஞ்சளில் இரண்டாவது பூச்சு அடித்து முடித்திருந்தேன். இரண்டில் எந்த மஞ்சள் என்று கேட்காதீர்கள், உங்களுக்கு ஒன்றுதான். கோழிக்கறி சாப்பிட்டார், மோர் குடித்தார், ஏப்பம் விட்டார். "தம்பி, பின்னறைக்குப் புதுசா அடிச்சிருக்கேன், வந்து பாருங்க" என்று சாதாரணமாகச் சொன்னேன். நான் முன்னால் போய், சுவருக்கு முதுகைக் காட்டி, அவர் முகத்தைப் பார்த்தபடி ஜன்னலோரம் நின்றுகொண்டேன். சுவர் எனக்குப் பயன்படாது. அவர் கண் எங்கே போகிறது என்றுதான் பார்க்க வேண்டும்.

வாசற்படியில் நின்றார். பல்லைக் குத்திக்கொண்டிருந்த கை நின்றது.

"என்ன தம்பி, கலரு பிடிக்கலையா?"

"கலரு எனக்கு என்ன தெரியும் அண்ணி. இது யாரு ரெண்டு பேரு?"

"எங்க?" என்றேன்.

"உங்களுக்குப் பின்னாலதான். ஒசரமா ஒண்ணு, குட்டையா ஒண்ணு." கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "கையப் பிடிச்சிருக்காப்ல தெரியுது. அண்ணன் மூட்ட தூக்கிட்டு நிப்பாரே, ஒரு தோளு எறங்கி. அந்த மாதிரி."

மூட்டை தூக்கி இறங்கிய தோள். வலது தோள். தையற்காரரிடம் சட்டைக்கு அளவு கொடுக்கும்போது நான்தான் எப்போதும் சொல்லுவேன், ஒரு பக்கம் இரண்டு விரல் குறைத்து வெட்டுங்கள் என்று.

சாயங்காலம் மகளுக்குப் போன் செய்து வீட்டை விற்கவில்லை என்றேன். "ஏம்மா, என்ன ஆச்சு?" என்று கேட்டாள். பெயிண்ட் இன்னும் காயவில்லை என்றேன். அது உண்மைதான். தம்பி சொன்னதும் நான் அப்படியே பின்னால் சுவரில் சாய்ந்துவிட்டேன். தலை, தோள், முதுகு, முந்தானை எல்லாம் மஞ்சள். சேலையை நனைத்துவைத்து இரண்டு தடவை சவுக்காரம் போட்டுத் தேய்த்தேன், போகவில்லை. சுவரில் விழுந்த தடத்தின் மேல் மறுபடியும் பிரஷ் வைக்கவில்லை. பெயிண்ட் தீர்ந்துவிட்டது.