முதல் ஓட்டு

நவ. 10, திங்கள்
காலையிலிருந்து தூறல். துணி காயவில்லை. ‘குவார்ட்டர்ஸ் கொய்யா மரம்’ கட்டுரை ஒருவழியாக முடிந்தது. நாலு நாள் வேலை. நெட்டில் நான் எழுதும் தளத்தில் போட்டேன். ஐந்தாவது நிமிடம், கீழ் வீட்டில் இருந்த சாந்தியின் ஓட்டு. எப்போதும் போல அவளுடையதுதான் முதல்.

சாப்பிடும்போது இவர் கிண்டல்: “நம்ம ஊர்ல ஓட்டு போடுறவனுக்குத்தான் காசு குடுப்பாங்க. உனக்கு ஓட்டு வாங்கினா காசா?” ஏழு நாளைக்குள் விழும் ஓட்டுக்குத்தான் காசு, நன்றாக எழுதினால் நிறைய விழும் என்றேன். காதில் வாங்கவில்லை. போன வாரம் வந்தது ஒரு கிலோ துவரம்பருப்புக்குக் காணும்.

காசு கிடக்கட்டும். எட்டு மாதமாகப் பேசவில்லை, ஆனாலும் படிக்கிறாள். அது போதும்.
போதாது.

நவ. 11, செவ்வாய்
தலைவலி. கேஸ் புக் பண்ண வேண்டும். கீழ் வீடு இன்னும் பூட்டித்தான் கிடக்கிறது. ஜன்னலில் சாந்தியின் கோலப்பொடி டப்பா.

மார்ச்சில் அவள் வீட்டுக்காரர் ரிட்டயர் ஆகி வள்ளியூருக்கே போய்விட்டார்கள். லாரி வந்த அன்று எனக்கு ஒரு கட்டுரைப் போட்டிக்குக் கடைசி நாள். மாடியிலிருந்து “அஞ்சு நிமிஷம் சாந்தி, இதோ வரேன்” என்றேன். இறங்கி வந்தபோது லாரி இல்லை. எட்டு வருடம் ஒரே படிக்கட்டில் உட்கார்ந்து கீரை ஆய்ந்தவர்கள். இந்தத் தளத்தைக் காட்டித் தந்ததே அவள்தான். “எழுதுட்டி. மொத ஓட்டு நாந்தான் போடுவேன்.”
போட்டியில் பரிசும் இல்லை. போன் செய்ய வெட்கம்.

நவ. 12, புதன்
மானம் போயிற்று. குக்கர் விசில் அவசரத்தில் தளத்தில் கட்டுரைக்குப் பதில் மளிகை லிஸ்ட்டை ஒட்டிப் போட்டுவிட்டேன்.
ரவை ½ கி.
க. பருப்பு ¼
பெருங்காயம் (சின்னது)
கொசுவத்தி
கடையில் நிற்கும்போதுதான் பார்த்தேன். கடைக்காரர்: “இன்னாக்கா, ரவை கேட்டுட்டு போனையே பாத்துகினு கீறே?”
ரவைக்கும் கொசுவத்திக்கும் சாந்தியின் ஓட்டு. ஐந்தாவது நிமிடம். கொய்யா மரத்துக்கு அவள் ஓட்டில் வந்த அதே அளவு காசு.

நவ. 13, வியாழன்
கல்பனாவுக்குப் போன். வேலப்பன்சாவடி காலேஜ் ஆபீசில் வேலை, அவளும் தளத்தில் எழுதுகிறாள். “அது ஆட்டோ ஓட்டுக்கா. ஒருவாட்டி செட் பண்ணிட்டா நீங்க எது போட்டாலும் தானா விழும். அவங்களே உள்ள வந்து நிறுத்தினாத்தான் நிக்கும்.”

சாந்தி ஊருக்குக் கிளம்பும் முன்பே அதை வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். அவள் படிப்பாள் என்று நினைத்துத்தான் ஒவ்வொரு வரியும் எழுதினேன். எட்டு மாதம்.
சாம்பாரில் உப்பு இரண்டு தடவை. இவர் மோரை ஊற்றிக்கொண்டார்.

நவ. 14, வெள்ளி
ஊரறியப் போட்டுவிட்டேன். தலைப்பு ‘சாந்திக்கு’. லாரி, அஞ்சு நிமிஷம், எல்லாம். படம் கிடையாது. கடைசி வரி: படித்தால் சொல்லு.
ஐந்து நிமிடம். ஓட்டு. அதே அளவு. குளியலறையில் போய் அழுதேன்.

நவ. 15, சனி
மழை. மின்சாரம் இல்லை. தளத்தைத் திறக்கவில்லை.

நவ. 16, ஞாயிறு
நல்ல வெயில். துணி காய்ந்தது. நெமிலிச்சேரி ஸ்டேஷன் பூக்காரம்மாவைப் பற்றிச் சின்னதாக எழுதி 11.10க்குப் போட்டேன்.
11.15. ஓட்டு இல்லை.
11.30. இல்லை. வேறு மூன்று பேர் போட்டிருக்கிறார்கள். அவள் இல்லை.
இவர்: “என்ன, நெட் இல்லையா?”
“இருக்கு.”
அவர்களே உள்ளே வந்து நிறுத்தினால்தான் நிற்கும் என்றாளே கல்பனா.
கோபமாகவே இருக்கட்டும். வந்திருக்கிறாள். படித்திருக்கிறாள்.
போனில் அவள் நம்பரைத் தேடினேன். இன்னும் ‘கீழ் வீடு’ என்றுதான் இருக்கிறது.