இழுப்பறையின் அடியில்

அன்பு மேபலுக்கு,

நான் நலம். உன் மூட்டுவலி எப்படி இருக்கிறது? பனியில் நிலக்கரி வாளியைத் தூக்காதே; உன் தம்பியைத் தூக்கச் சொல்.

இங்கே ஒரு வேடிக்கை. செய்தவன் தன் பெயரையும் ஆண்டையும் இழுப்பறையின் அடியில் பென்சிலால் எழுதுவது, டக்வெல் மரப்பட்டறையில் பெரிய முதலாளி காலத்து வழக்கம். இப்போது முதலாளியாக இருக்கும் அவர் பேரன் எட்கரோ புதிய அலமாரியைச் சங்கிலியால் அடித்து, சாயம் பூசி, இருநூறு வருடப் பழசு என்று விற்கிறார். அனுப்பும் முன் எழுத்தை நாங்கள் சீவிவிட வேண்டும். ஒன்றில் நான் மறந்துவிட்டேன்.

நேற்று அதை வாங்கிய சீமாட்டி இழுப்பறையோடு வந்தாள். "சிக்குது, கொஞ்சம் பாருப்பா" என்றாள். திருப்பினால், 'ஆர்ச்சி, 1934. மேபலுக்குப் பிடிக்கும்.' நல்லவேளை, அவள் தன் நாயைக் கொஞ்சிக்கொண்டிருந்தாள். எட்கர் பார்த்துவிட்டார். கண்ஜாடை காட்டினார்; சீவிவிட்டேன்.

அவள் போனதும் எட்கர் என் தோளில் கை போட்டார்.

"ஊருக்குப் போறேன்னியே, அத மறந்துடு. வெளிய போனா நீ மோசடிக்காரன். இங்க இருந்தா எங்க வீட்டுப் புள்ள."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார், கவலைப்படாதே.

ஈஸ்டருக்கு வர முடியாது. கம்பளிக் காலுறையும் இஞ்சி பிஸ்கட்டும் அனுப்பு. தபால்காரர் வாசலில் நிற்கிறார்.

உறைக்குள் ஒரு மரச்சீவல் இருக்கும். எழுத்து அழியாமல் பைபிளுக்குள் வை. அதை நான் அடுப்பில் போட்டுவிட்டதாக எட்கர் நினைத்துக்கொண்டிருக்கிறார்.

உன் ஆர்ச்சி