வானத்தைப் பார்த்துச் சொன்ன மாணவியின் பெயரை அறிக்கையிலிருந்து நீக்குமாறு கோரல்

அனுப்புபவர்:
செல்லப்பா யசோதா,
சிரேஷ்ட விரிவுரையாளர் (புவியியல்),
அம்பிட்டிய வீதி, கண்டி.

பெறுபவர்:
பணிப்பாளர் அவர்கள்,
மலைநாட்டுத் தொலைக்கல்வி இணைப்பு நிலையம்,
கண்டி.

விடயம்: கண்டியிலும் யாழ்ப்பாணத்திலும் ஒரே நேரத்தில் நடந்த எனது காலநிலையியல் வகுப்பின் இணைப்பைத் துண்டித்தமை; மாணவி அம்பிகைபாகன் நிரோஜினியின் பெயரைப் பாதுகாப்பு அறிக்கையில் சேர்த்தமை.

மதிப்புக்குரிய ஐயா,

எனது மாணவி நிரோஜினி, வகுப்பு நேரத்தில் திரை வழியாக “வானத்தின் நிலை, காற்றின் திசை, பார்வைத் தூரம் ஆகிய தகவல்களைப் பரிமாறினார்” என்று தங்கள் நிலையத்தின் பாதுகாப்பு அலுவலர் அறிக்கை எழுதியுள்ளார். அவள் பரிமாறியது தகவல் அல்ல, பாடத்துக்கான பதில். அந்த அறிக்கையிலிருந்து அவளுடைய பெயரை எடுத்துவிட வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன். வகுப்பு தமிழில் நடந்ததால் மனுவும் தமிழில் வருகிறது. இதைச் சிங்களத்துக்கு மாற்றும் உத்தியோகத்தர், மனுவில் மழையும் முகிலும் எதற்கு என்று வெட்டிவிட வேண்டாம். அவற்றை அறிந்துதான் எழுதியிருக்கிறேன்.

1. சென்ற வருடம் ஓகஸ்ட் விடுமுறைக்கு ஊருக்குப் போன எமது இறுதியாண்டு மாணவர் நால்வர், மறுபடி மூண்ட போரால் பாதை மூடப்பட்டதால் யாழ்ப்பாணத்திலேயே நின்றுவிட்டனர். கப்பலுக்கும் விமானத்துக்கும் அனுமதி கேட்டுக் கேட்டுக் களைத்துப் போயினர். அப்போது தாங்கள்தான் பெரிய மனதோடு வியாழக்கிழமைப் பிற்பகல்களில், யாழ்ப்பாணத்து நிலையத்தோடு படமும் குரலும் இணையும் திரையுள்ள அறையைத் தந்தீர்கள். அந்த நன்றியை நான் மறக்கவில்லை. இன்றைய கோபத்தின் நடுவிலும் மறக்கவில்லை.

2. இரண்டு ஊருக்கு ஒரே நேரத்தில் படிப்பிப்பது எப்படி என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. கமராவைப் பார்த்துப் பேசினால் முன்னால் கதிரைகளில் இருப்பவர்கள் வாடிப்போவார்கள். இவர்களைப் பார்த்தால் அங்குள்ளவர்களுக்கு எனது காது மட்டும் தெரியும். நான் பேசியது அங்கே போய்ச் சேரவும் அவர்கள் பதில் இங்கே வரவும் ஒரு பெருமூச்சு விடுகிற நேரம் பிடிக்கும். நான் ஒரு பகிடி சொன்னால் கண்டி சிரித்து முடித்த பிறகு யாழ்ப்பாணம் சிரிக்கும், அந்தச் சிரிப்பைக் கேட்டுக் கண்டி மறுபடியும் சிரிக்கும். என் பகிடிகளுக்கு அவ்வளவு மதிப்பு முன்னொருபோதும் கிடைத்ததில்லை.

3. போகப் போக அந்த இடைவெளி எங்களுக்குப் பழகிவிட்டது. கேள்வி கேட்டுவிட்டு அறை முழுவதும் பேசாமல் காத்திருக்கும். வெளியே ஹந்தானை மலையிலிருந்து மூடுபனி இறங்கி, யன்னலுக்கு உள்ளேயும் கொஞ்சம் வரும். ஐயா, இதை ஒரு மனுவில் எழுதலாமோ தெரியவில்லை. மழை இருட்டிய பிற்பகல்களில் மின்விளக்கைப் போட யாருக்கும் மனம் வராது. திரையில் விழும் யாழ்ப்பாணத்து வெயில்தான் எங்கள் அறைக்கு வெளிச்சம். அந்த மஞ்சள் வெயில் அலவத்துகொடப் பிள்ளை பாயிஸாவின் முகத்திலும், நாவலப்பிட்டிக் கறுப்பையாவின் கொப்பியிலும் கிடக்கும். நான் எந்த ஊரில் நிற்கிறேன் என்பது எனக்கே சில வேளை மறந்துபோகும். இரண்டுக்கும் நடுவில், எந்தச் சோதனைச் சாவடியும் இல்லாத ஓர் ஊரில் நிற்பதாக நினைத்துக்கொள்வேன். அங்கே வாரத்தில் ஒருநாள் நாங்கள் எல்லோரும் குடியிருந்தோம்.

4. யூன் மாதக் கடைசி வியாழக்கிழமை, பாடம் தென்மேற்குப் பருவக்காற்று. ஒரே காற்று இந்தச் சின்னத் தீவில் ஓரிடத்தில் மழையாகவும் இன்னோர் இடத்தில் வெறும் புழுதியாகவும் வருவதை அவர்கள் புத்தகத்தில் படித்திருந்தார்கள். கண்ணால் பார்க்கட்டும் என்று நினைத்தேன். “எல்லோரும் எழும்பி யன்னலுக்குப் போங்க. முகில் என்ன, காற்று என்ன, எவ்வளவு தூரம் தெரியுது என்று சொல்லுங்க” என்றேன். இரு அறைகளிலும் ஒரே நேரத்தில் கதிரைகள் நகர்ந்தன.

கறுப்பையா முதலில் சொன்னான்: “மிஸ், மலையையே காணோம். அங்கிட்டு மலை இருந்துச்சான்னே இப்ப சந்தேகமா இருக்கு.” பாயிஸா தான் குடை கொண்டு வராத கவலையைச் சொன்னாள். பிறகு நாங்கள் வழக்கம்போலக் காத்திருந்தோம். நிரோஜினியின் குரல் வந்தது: “மிஸ், இஞ்ச முகில் ஒண்டும் இல்லை. சோளகக் காத்து நல்லா அடிக்குது, பனையோலை ஓயாமல் கத்துது. கோயிலுக்கு அங்கால கடல் வரைக்கும் தெரியுது.”

அறிக்கையில் உள்ள குற்றம் இவ்வளவுதான் ஐயா. பதினைந்து சொல் வருமோ என்னவோ.

சொல்லி முடித்துத் திரும்பி வந்து இருந்தவள், “மிஸ், ஒண்டு கேக்கட்டே?” என்று கையை உயர்த்தினாள். அந்த வேளை தங்கள் பாதுகாப்பு அலுவலர் உள்ளே வந்தார். யாழ்ப்பாணத்தோடு காற்றையும் முகிலையும் பற்றி என்ன பேச்சு என்று கேட்டார். என் பதிலுக்குக் காத்திராமல் இணைப்பைத் துண்டிக்கச் செய்தார். குரல் போயிற்று. படம் மட்டும் போகாமல் அப்படியே நின்றது. அலுவலர் வெளியேறிய பிறகும் ஒரு பிள்ளைகூட எழும்பவில்லை. “கைய தூக்கிட்டே ஈக்கிறா மிஸ்” என்றாள் பாயிஸா. நான் பலகையைத் துடைப்பதுபோலத் திரும்பி நின்றேன்.

5. வானத்தைப் பற்றிப் பேசாமல் காலநிலையியல் படிப்பிப்பது எப்படி என்று தாங்களே சொல்லித் தாருங்கள். ஒவ்வொரு நாளும் செய்தி முடிந்ததும் வானொலியில் காற்றின் திசையைச் சொல்கிறார்களே, அவர்களையும் கூப்பிட்டு விசாரித்தாயிற்றா? யாழ்ப்பாணத்தில் முகில் இல்லை என்பது, அங்கே அண்ணாந்து பார்க்கிற காகத்துக்கும் தெரிந்த சங்கதி. விமானம் ஓட்டுபவர்களுக்கும் குண்டு போடுபவர்களுக்கும் வானம் வேண்டியிருக்கலாம். அதற்காக அது அவர்களுக்கே எழுதிக் கொடுத்த காணி ஆகிவிடுமா? கோபத்தில் எழுதிவிட்டேன், மன்னிக்க வேண்டும். ஆனால் அடித்து எழுத மாட்டேன்.

6. இனித்தான் முக்கியமான விடயம். சென்ற கிழமை பாயிஸா தன் கைத்தொலைபேசியில் நிரோஜினியின் வீட்டுக்கு எடுத்தாள். தாயார்தான் பேசினார். “ரெண்டு பேர் வந்து பேரைக் கேட்டிட்டுப் போனவை பிள்ளை. அதுக்குப் பிறகு அவ வாசலுக்கும் வாறேல்லை. படிப்பும் வேண்டாம், ஒண்டும் வேண்டாம். இனி எடுக்காதேங்கோ” என்றாராம். பாயிஸா அதை என்னிடம் சொல்லிவிட்டு, தான் தொலைபேசி எடுத்ததும் பிழையோ என்று அழுதாள். எனக்கும் பயமாக இருக்கிறது ஐயா. அதை மறைத்து எழுத எனக்குத் தெரியவில்லை.

7. இந்த வருடங்களில் ஒரு தமிழ்ப் பிள்ளையின் பெயர் தாளில் ஏறினால் அந்தத் தாள் எங்கெங்கே போகும் என்பது தங்களுக்கும் தெரியும். எண்பத்துமூன்றாம் ஆண்டு ஆடி மாதக் கலவரத்தில், இதே கண்டி நகரில், என் தகப்பனார் செல்லப்பாவின் பெயரைத் தாளில் பார்த்துத்தான் கடைக்குத் தீ வைத்தார்கள். அப்போது நான் பள்ளிக்கூடப் பிள்ளை. பெயர் எழுதியவர் யார் என்று இன்றுவரை எமக்குத் தெரியாது. அவரும் ஏதோவோர் அலுவலகத்தில் தன் கடமையைத்தான் செய்திருப்பார்.

ஆகவே ஐயா, வியாழக்கிழமை இணைப்பை மீண்டும் தருமாறும், யாழ்ப்பாணத்து நால்வரும் வகுப்புக்குச் சமுகமளித்ததாகக் கொண்டு இறுதிப் பரீட்சைக்கு அனுமதிக்குமாறு எமது பல்கலைக்கழகத்துக்கு எழுதுமாறும் தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன். இவை இரண்டும் கொஞ்சம் தாமதமாகலாம். நிரோஜினியின் பெயரை நீக்குவது மட்டும் இன்றே நடக்க வேண்டும். அறிக்கை மேலிடத்துக்குப் போயிருந்தால், போன இடமெல்லாம் தங்கள் கையொப்பத்தோடு ஒரு திருத்தம் போக வேண்டும்.

பெயரில்லாமல் அறிக்கை நிற்காது, அந்த இடத்தை வெறுமையாக விட முடியாது என்று தங்கள் அலுவலர் சொல்லக்கூடும். அப்படியாயின் அவள் பெயரை வெட்டிவிட்டு, அதே வரியில் என் பெயரை எழுதச் சொல்லுங்கள். யன்னலுக்குப் போகச் சொன்னவள் நான், கடல் தெரிகிறதா என்று அறிய விரும்பியவளும் நான். எழுத்துப் பிழை வராதிருக்கப் பெயரையும் வீட்டு இலக்கத்தையும் கீழே தெளிவாகத் தருகிறேன். வருகிறவர்கள் தேடி அலைய வேண்டியதில்லை, பிற்பகலில் வீட்டில்தான் இருப்பேன்.

தங்கள் நீதியை நம்பி ஒப்பமிடுபவர்,

(ஒப்பம்)
செல்லப்பா யசோதா
இல. 48, அம்பிட்டிய வீதி, கண்டி.

இடம்: கண்டி
திகதி: 2007 யூலை 19