எங்கள் ஓடையும் அதன் மூன்று கிளைகளும்

பிப்ரவரி 9
காலையில் பனி. மின்மயானத்தில் கொடுத்த கலயத்தில் என் மனைவி சாந்தி. சாம்பல் வீட்டுக்குள் வரக்கூடாதாம். பால்கனி வீட்டில் சேர்த்தியா? பில்டர் சேர்த்துத்தான் விலை போட்டார். துணிக்கொடிக் கொக்கியில் தொங்கவிட்டிருக்கிறேன்.

அவள் தம்பி குமார் விவேக் நகரிலிருந்து வந்தான். ஸ்ரீரங்கப்பட்டணத்துக்குக் கார் சொல்லிவிட்டானாம்.

"காவேரி மாமா. எல்லாரும் அங்கதான் கரைக்கிறாங்க."

அவள் ஆஸ்பத்திரியில் தெளிவாகச் சொன்னது வேறு: "மைசூர் ரோட்டுல என்னால முடியாது, வாந்தி வரும். நம்ம வீட்டுப் பின்னாடி ஓடையிலயே விட்டுடுங்க."

குமாரிடம் சொன்னேன்.

"அது ஓடையா மாமா? மோரி! சாக்கடை!"

சடங்கு செய்துவைத்த வாத்தியாருக்குப் போன். எந்தத் தண்ணீரானாலும் சரி, ஓடவேண்டும் என்றார்.

பிப்ரவரி 10
வெயில். ஓடும் தண்ணீரைத் தேடி நடந்தேன். லீவு இருக்கிறது, வேறு வேலை இல்லை. சர்ஜாபுரம் பக்கத்து எங்கள் ஓடைக்குக் கிளைகள் மூன்று.

வடக்குக் கிளை: தைலமரத் தோப்பில் பிறக்கிறது. அங்கேயே முடிந்தும் விடுகிறது.

நடுக் கிளை: வரைபடத்தில் நீலக் கோடு. தரையில் வில்லாக்கள். அவற்றின் பெயரில் மட்டும் ஆறு உண்டு.

தெற்குக் கிளை: ஏரியின் கோடியிலிருந்து. முழங்கால் ஆழம். ஓடுகிறது. மேலே நுரை.

மழையே இல்லையே, தண்ணீர் ஏது என்று மாடு மேய்ப்பவரைக் கேட்டேன்.

"நிம்ம நீரே சார். உங்க அபார்ட்மெண்ட் பாத்ரூம் தண்ணிதான்."

நன்றி சொன்னேன். எதற்கென்று தெரியவில்லை.

பிப்ரவரி 11
பசி இல்லை. இட்லி இரண்டு. கேஸ் புக் பண்ண வேண்டும்.

குமாருக்குப் போனில் வழி சொன்னேன். ஓடை, தென்பெண்ணை, கெலவரப்பள்ளி அணை, கிருஷ்ணகிரி, திருக்கோவிலூர், கடலூர், கடல். குளியலறைகளை விட்டுவிட்டேன்.



"நம்ம ஊரு திருக்கோவிலூர் வழியாவா மாமா போவுது?"

"அதுக்கு வேற வழியே இல்லடா."

காரை வேண்டாம் என்று சொல்லிவிட்டான்.

பிப்ரவரி 12
மேகமூட்டம். குமார் சாமந்தி வாங்கி வந்தான். தெற்குக் கிளை சேருமிடத்துக்குக் கீழே கலயத்தைக் கவிழ்த்தேன். ஓடியது. எதுவும் தோன்றவில்லை. துணி காயப்போடக் கொக்கி காலி என்று தோன்றியது.

கரைத்த பின் திரும்பிப் பார்க்கக் கூடாது. குமார் பார்த்தான்.

"நிக்குது மாமா."

"போயிடும், வா."

"போவல மாமா. அக்கா அங்கயே நிக்குது."

நானும் திரும்பினேன். தடுப்பணைக்கு முன்னால் ஆகாயத்தாமரை அடைத்திருந்தது. சாம்பல் அதில் முட்டி, வட்டமாக, பூக்களோடு நின்றிருந்தது.

குமார் பேண்டை மடித்தான். மடித்தது போதவில்லை, தடுப்பணைப் பக்கம் இடுப்பளவு. இரண்டு கையாலும் செடிகளை விலக்கி, தண்ணீரைத் தள்ளித் தள்ளிவிட்டான்.

"போக்கா. போ. இங்க நிக்காத, நாறுது. போ."

நான் கரையில். அவன் செருப்பு என் கையில் இருந்தது. எப்போது எடுத்தேனோ.