தனித் தொழுவத்துப் பால்

ஜனவரி 6, 2025

மருதாத்தாளின் மாட்டை நான் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டதாகப் பால் சொசைட்டியில் பேசிக்கொள்கிறார்கள். தவறு. பிடுங்கவில்லை. புகார் வந்தது. போய்ப் பார்த்தேன். போலீஸ்காரர் ஒருவரைச் சாட்சிக்கு வைத்துக்கொண்டு மகஸர் எழுதி, அவளிடம் கைநாட்டு வாங்கி, என் காப்பகத்துக்குப் பராமரிப்புக்காகக் கொண்டுவந்தேன். போஸ்டம்மா ஸ்டாம்பு குத்திய பழக்கத்தில் இப்போது மாடுகளுக்கும் முத்திரை குத்துகிறாள் என்று வேறு சிரிக்கிறார்களாம். கொல்லங்கோட்டில் பதினோரு வருஷம் போஸ்ட்மாஸ்டராக இருந்தவள் ஸ்டாம்பு குத்துவதில்லை. அதற்கு ஆள் உண்டு.

நடந்ததை வரிசையாக எழுதிவைக்கிறேன். பொள்ளாச்சி ரோட்டில் போன யாரோ ஒருவர் போனில் படம் அனுப்பினார். சிவப்புக் கலப்பினப் பசு. கழுத்தைச் சுற்றித் தாடையிலிருந்து தோள்வரை எட்டு மூங்கில் குச்சிகளைக் கயிற்றால் கோத்துக் கூண்டு மாதிரிக் கட்டியிருந்தது. தலையைத் திருப்ப முடியாது. முதுகில் ஈ உட்கார்ந்தால் நக்கவும் முடியாது. நேரில் பார்த்தபோது குச்சிக்கு அடியில் உள்ளங்கை அகலத்துக்குப் புண்.

மருதாத்தாள் மீனாட்சிபுரத்துக்குக் கிழக்கே தனியாக இருப்பவள். இந்த ஒரு மாடுதான். முதலில் கத்தினாள், பிறகு ஏதோ சொல்ல வந்தாள். எதுவானாலும் எழுதிக் கொடு என்றேன். எழுதத் தெரியாதாம். தெரிந்தவர்களை வைத்து எழுதிக் கொண்டு வா என்றேன். போலீஸ்காரரும் அதையே சொன்னார்.

மிருக டாக்டர் விடுப்பில் இருக்கிறார். இருபத்தேழாம் தேதி வருவார். அவர் சான்றிதழ் கொடுத்தால் வழக்கு. வழக்கானால் மாடு திரும்பிப் போகாது.

ஜனவரி 7

மூங்கில் கூண்டுக்குச் சீட்டுக் கட்டி, தேதி போட்டு, ஆபீஸ் அலமாரியில் வைத்தேன். புண்ணுக்கு மருந்து போட்டாகிவிட்டது. செவலை (மருதாத்தாள் அப்படித்தான் கூப்பிட்டாள்) கழுத்தை இரண்டு பக்கமும் வளைத்து வளைத்துப் பார்த்துக்கொள்கிறது. பார்க்க நிறைவாக இருந்தது.

புதிதாக வரும் எந்த மாடும் பதினான்கு நாள் தனித் தொழுவத்தில் இருக்கவேண்டும் என்பது என் விதி. நோய் பரவக்கூடாது. தீனிக்கும் கறவைக்கும் தவிர யாரும் உள்ளே போகக்கூடாது. வேல்முருகன் கறந்தான். காலை மூன்றரை லிட்டர். வாய்க்கால் ஓரம் சாக்கில் கட்டி எறிந்திருந்த ஐந்து நாய்க்குட்டிகளுக்கு இனிப் பால் பஞ்சமில்லை.

ஜனவரி 10

காலை ஒன்றேகால். மாலை முக்கால்.

ஜனவரி 11

அரை லிட்டர். குட்டிகளுக்குப் பால்பொடி கரைத்தேன். அதில் ஒன்றுக்கு வயிறு போகிறது.

சொசைட்டியில் விசாரித்தேன். மருதாத்தாள் பெயரில் காலை நான்கு, மாலை மூன்று என்று நாள் தவறாமல் ஊற்றியிருக்கிறது. கூண்டு மாட்டி வதைத்தவளுக்கு ஏழு லிட்டர், அவிழ்த்து விட்டவளுக்கு அரை லிட்டரா?

மாரீஸ்வரி, வேல்முருகனின் மனைவி, "புது எடம்லம்மா. பால மறைக்கும். ரெண்டு நா பொறுங்க" என்றாள். நான் மடியைத் தொட்டுப் பார்த்தேன். மறைத்த மடி கனத்து இறுகியிருக்கும். இது தொளதொளவென்று கிடந்தது. அப்போதுதான் கறந்து முடித்த மடி. பால் இருந்திருக்கிறது. போயிருக்கிறது. போவதற்குக் கை வேண்டும்.

கறக்கிற கை இங்கே ஒன்றுதான்.

ஜனவரி 12

எழுதக் கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் எழுதுகிறேன்.

வேல்முருகன் ஆனைக்கரைக்காரன். ஏலக்காய்த் தோட்டத்து வேலை ஒழுங்காகக் கிடைக்காமல் மலையிலிருந்து இறங்கி வந்தவன். இரண்டரை வருஷமாக இங்கே, தோப்பு மூலையில் உள்ள வீட்டில் இருக்கிறான். பாம்புக்கும் பயப்படாமல், கடிக்கிற நாய்க்கும் பயப்படாமல் வேலை செய்வான். இதுவரை ஒரு கயிறு காணாமல் போனதில்லை. அதனால் என்ன? வாய்ப்பு வராதவரை எல்லோரும் நாணயஸ்தர்கள்தான்.

காலையில் அவன் மகள் இந்து, நாலு வயசு, வாசலில் உட்கார்ந்து டம்ளரில் பால் குடித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் போய், கொடு பார்க்கலாம் என்று டம்ளரை வாங்கினேன். முகர்ந்து பார்த்தேன். பச்சைப் பாலா, பாக்கெட் பாலா என்று. காய்ச்சிய பாலில் அது எப்படித் தெரியும்? தெரியவில்லை. குழந்தை கையை நீட்டிக்கொண்டே நின்றது. கொடுத்துவிட்டேன். நிமிர்ந்தால் மாரீஸ்வரி கதவருகில் நிற்கிறாள். அவள் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பேன்.

ஜனவரி 13

வேல்முருகனைக் கொல்லங்கோட்டிலிருந்து பூட்டு வாங்கிவரச் சொன்னேன். தனித் தொழுவத்தில் மாட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன். இனிக் கறவைக்கு நானே கூட நிற்பேன்.

ஜனவரி 15, மாட்டுப்பொங்கல்

மருதாத்தாள் வாழை இலையில் பொங்கலும் ஒரு சீப்புப் பழமும் எடுத்துக்கொண்டு வந்தாள். வருகைப் பதிவேட்டில் கைநாட்டு வைக்கச் சொன்னேன். வைத்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

தொழுவத்துக்குள் விட முடியாது, விதி விதிதான் என்றேன். கதவைத் திறந்து பத்தடி தள்ளி நிற்கவைத்தேன். மாடு அவளைப் பார்த்ததும் கயிறு அறுந்துவிடும் போல இழுத்துக் கத்தியது. அவள் அதன் வெறுங்கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு வேல்முருகனிடம் கேட்டாள்: "ஏனுங்க தம்பி, பாலு எத்தனை வருது?"

அரை லிட்டர் என்றான். அவள் சிரித்தாள். சின்னச் சிரிப்பு, மூக்கு வழியாக. அவனும் ஏன் என்று கேட்கவில்லை.

எதற்குச் சிரிக்கிறாய் என்று நான் கேட்டேன். "சொன்னாக் கேக்கறவங்ககிட்டச் சொல்லலாமுங்க" என்று சொல்லிவிட்டு, இலையை வேல்முருகன் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டாள்.

இருவருக்கும் நடுவில் ஏதோ இருக்கிறது. பால் அவளிடமே போகிறதா? வேலி கிழக்குப் பக்கம் தாழ்வு. அங்கிருந்து அவள் வீடு கால் மைல். எனக்கு இது ஏன் முன்பே தோன்றவில்லை?

ஜனவரி 16

பூட்டியிருந்த தொழுவம். என் கண் முன்னால் கறவை. அரை லிட்டருக்கும் குறைவு.

அப்படியானால் நான் வருவதற்கு முன்பே கறந்தாகிவிட்டது. பூட்டைத் திறந்துதான் கறந்திருக்க வேண்டும். பூட்டை வாங்கி வந்தவன் யார்? இந்த மாதிரிப் பூட்டுக்கு மூன்று சாவி வரும். என் வளையத்தில் இருப்பது இரண்டு.

ஜனவரி 18

இன்று கேட்டுவிட்டேன். ஆபீஸ் மேஜைக்கு முன்னால் நிற்கவைத்து, ஒரு தாளும் பேனாவும் வைத்து, மூன்றாவது சாவி எங்கே, பால் எங்கே போகிறது, விளக்கம் எழுது என்றேன்.

சாவியை அன்றைக்கே என்னிடம் கொடுத்துவிட்டதாகச் சொன்னான். கொடுத்திருந்தால் எனக்கு ஞாபகம் இருக்காதா? பாலைப் பற்றி எழுது என்றேன்.

"எடுக்காததுக்கு என்னத்தம்மா எழுத? எழுதுனா எடுத்தேன்னுல ஆயிரும்."

எடுக்கவில்லை என்றே எழுது என்றேன். பேனாவை எடுத்தான். மூடியைக் கழற்றினான். மூடியைப் போட்டுத் திரும்ப வைத்துவிட்டான். "புள்ள டம்ளர மோந்து பாத்தீங்கள்லம்மா. அதுக்கு மேல நான் எழுதி என்னத்துக்கு ஆவப்போவுது" என்றான். குரல் உயரவே இல்லை. உயர்ந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

எழுதாதவனுக்கு இங்கே வேலையில்லை என்றேன்.

ஜனவரி 19

காலைப் பொள்ளாச்சி பஸ்ஸில் போய்விட்டார்கள். வீட்டைக் கழுவித் துடைத்துப் போட்டிருந்தாள். நாய்கள் கேட் வரை போய்த் திரும்பி வந்தன. நான் செய்தது சரி.

சரிதானே?

ஜனவரி 20

மொக்கையன் என்ற வயசாளி கறவைக்கு வந்தார். சித்தூர்ப் பக்கம். வெற்றிலை போட்டுக்கொண்டு தொழுவத்துக்குள் வரக்கூடாது என்று முதலிலேயே சொல்லிவிட்டேன்.

அரை லிட்டர்.

ஜனவரி 21

அரை லிட்டர். திருடன் போய் இரண்டு நாளாகிறது. பதினான்கு நாள் முடிந்தும் மாட்டை வெளியே விடவில்லை. பூட்டையும் புதிதாக மாற்றினேன். மூன்று சாவியும் என்னிடம். அப்படியும் அரை லிட்டர்.

மொக்கையனா? வந்த மறுநாளேவா? வெற்றிலையை வாயிலிருந்து துப்பிவிட்டு வருகிறவரை நம்பலாமா? அவர் போனாலும் இப்படியே ஆனால் அடுத்து யார்மேல்? நாளைக்கு நானே உட்கார்ந்து பார்க்கப்போகிறேன்.

ஜனவரி 22

பார்த்தேன்.

காலைக் கறவை முடிந்ததும் நாற்காலியை வைக்கோல் போருக்குப் பின்னால் போட்டு, தட்டியின் இடைவெளி வழியாகத் தொழுவத்தைப் பார்த்தபடி உட்கார்ந்தேன். கிழக்குக் காற்றில் கண்ணெல்லாம் தூசி. பத்து மணி வரை மாடு அசை போட்டது. மொக்கையன் புல் அறுக்கப் போய்விட்டார். யாரும் வரவில்லை.

பதினொன்று இருபதுக்கு மாடு எழுந்தது. முன்கால் ஒன்றைக் கொஞ்சம் முன்னால் வைத்துக்கொண்டது. உடம்பை வில் மாதிரி வளைத்தது. கழுத்தைப் பின்னால் கொண்டுபோய், தொடைக்கு அடியில் முகத்தை நுழைத்து, தன் காம்பைத் தானே வாயில் வைத்துக்கொண்டு உறிஞ்சியது.

சப்தம் கேட்டது. கன்று குடிக்கிற அதே சப்தம். கண்ணை மூடிக்கொண்டு குடித்தது. ஒரு காம்பு முடித்து அடுத்தது. பன்னிரண்டு நிமிஷம். கடிகாரத்தைப் பார்த்தேன் — அதை ஏன் பார்த்தேன், யாருக்குக் காட்ட?

அந்தக் கூண்டு. தலையைத் திருப்ப விடாத கூண்டு. அதற்குத்தான்.

எழுபத்து மூணு வயசாச்சு, ஒன்பது வருஷமா இந்தக் காப்பகம் நடத்தறேன், பசு தன் பாலையே குடிக்கும்னு எனக்குத் தெரியாமப் போச்சே. வெறுங்கழுத்தைப் பார்த்து அவள் சிரிச்சாளே. அப்பவாவது உட்காரவெச்சுக் கேட்டிருக்கலாமே. எழுதிக் குடு எழுதிக் குடுன்னு — அவளுக்கு எழுதத் தெரியாதுன்னு தெரிஞ்சே கேட்டேனே.

ஜனவரி 23

அலமாரியிலிருந்து கூண்டை எடுத்தேன். சீட்டைக் கிழித்தேன். புண் உண்டாக்கியது உண்மை, அதை நான் விட்டுக்கொடுக்கப் போவதில்லை. என் வீட்டுக்காரருடைய பழைய வேட்டி ஒன்றைக் கிழித்து, ஒவ்வொரு குச்சிக்கும் உறை தைத்தேன். எட்டுக் குச்சி. கான்வென்டில் தையலுக்கு எனக்குப் பரிசு கொடுத்தார்கள்.

மொக்கையன் மாட்டை ஓட்ட, நான் பின்னால் கூண்டையும் புகார்ப் பதிவேட்டையும் தூக்கிக்கொண்டு நடந்தேன். சொசைட்டியில் பால் ஊற்றுகிற நேரம். எல்லோரும் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

மருதாத்தாள் ஊட்டு வாசலில் — வீட்டு வாசலில் — நின்றிருந்தாள். நான் பார்த்ததைச் சொன்னேன். அவள் மாட்டின் கழுத்தைத் தடவிக்கொண்டே கேட்டுவிட்டுச் சொன்னாள்.

"சந்தையில வாங்கி மூணு மாசமுங்க. ஒரு வாரத்துலயே தெரிஞ்சுபோச்சு. இப்பிடி மாட்டை யாரும் வெச்சிருக்க மாட்டாங்க, கறிக்கு ஏத்தியுட்டுருவாங்க. ஏவாரி ரெண்டு தடவை வந்து கேட்டுட்டான். எனக்கு மனசு வர்லீங்க. அதுக்குத்தான் கூண்டு கட்டுனேன்."

புகார்ப் பதிவேட்டில் என் கையால் 'புகார் தவறு, விசாரித்தது போதாது' என்று எழுதி, வழக்கு இல்லை என்று கையெழுத்துப் போட்டிருந்த பக்கத்தைப் படித்துக் காட்டினேன். கேட்டாள். கூண்டின் துணி உறையை விரலால் அமுக்கிப் பார்த்தாள்.

"கடுதாசியப் பிரிக்காமயே படிச்சுப்போட்டீங்களேங்க, போஸ்டம்மா" என்றாள். பிறகு உள்ளே போய்க் காப்பி கொண்டுவந்தாள். கறுப்புக் காப்பி. பால் இல்லை. குடித்தேன்.

புண் ஆறும்வரை வாரம் ஒருமுறை வந்து பார்ப்பேன் என்று சொல்லியிருக்கிறேன். வேண்டாம் என்று அவள் சொல்லவில்லை.

ஜனவரி 24

நாய்க்குட்டிகளில் நான்கு தேறிவிட்டன. ஒன்று இல்லை.

தபால்தலை தேடி மேஜையின் கீழ் இழுப்பறையைத் திறந்தேன். ஒரு பழுப்பு உறை, ஒட்டியது. மேலே என் கையெழுத்து: தனித் தொழுவம், உபரிச் சாவி, 13.1.2025. உள்ளே சாவி.

கொடுத்திருக்கிறான்.

ஜனவரி 25

ஆனைக்கரைக்கு இன்று ரெஜிஸ்டர் தபாலில் அனுப்பிய கடிதத்தின் நகல். நான்கு முறை எழுதிக் கிழித்து, இது ஐந்தாவது.

"வேல்முருகனுக்கு,

பாலை நீ எடுக்கவில்லை. யாரும் எடுக்கவில்லை. மாடு தானே குடித்தது, என் கண்ணால் பார்த்தேன். மூன்றாவது சாவி என் இழுப்பறையில், என் கையெழுத்தில் இருந்தது. நீ விளக்கம் எழுதாமல் பேனாவை வைத்தது சரி. நான் கேட்டது தவறு. இதைப் பதிவேட்டிலும் எழுதியிருக்கிறேன், சொசைட்டியிலும் சொல்லியிருக்கிறேன்.

இந்துவின் டம்ளரை வாங்கியதற்கு உன்னிடம் மன்னிப்புக் கேட்பதில் பொருளில்லை. அவளிடமும் மாரீஸ்வரியிடமும் கேட்கவேண்டும். அதைக் கடிதத்தில் கேட்க எனக்கு விருப்பமில்லை. நேரில் கேட்பேன். நீங்கள் வந்தால் இங்கே. வராவிட்டால் பஸ் ஏறி நான் அங்கே வருகிறேன்.

வீடு பூட்டியிருக்கிறது. வேறு யாருக்கும் கொடுக்கவில்லை. சாவியை இத்துடன் வைத்திருக்கிறேன்.

உன்னிடம் இனி எந்த விளக்கமும் எழுதிக் கேட்கமாட்டேன். இது ஒன்றைத் தவிர: வருகிறீர்களா, இல்லையா? முகவரி எழுதிய அட்டை உள்ளே இருக்கிறது. ஒரு வார்த்தை எழுதிப் போட்டால் போதும். தயவுசெய்து எழுத்தில் பதில் அனுப்பவும்.

சேஷம்மாள்"