பாசி போனால் சுத்தமில்லை

அன்புள்ள அர்ஃபான் அண்ணனுக்கு, தங்கை ரபியாவின் ஸலாம். இங்கே ஈசூன் வீட்டில் நாங்கள் மூவரும் அல்லாஹ் கிருபையால் சுகம், அங்கே ஆஸ்திரேலியாவில் உனக்கும் அப்படியே இருக்கட்டும். பரீட்சை முடியும்வரை என் போன் அத்தாவிடம், அதனால் எல்லாரும் தூங்கியபின் பள்ளியில் கொடுத்த மடிக்கணினியில் தட்டுகிறேன். அம்மா எழுந்து வந்தால் தமிழ்ப் பாடக் கடிதப் பயிற்சி என்று சொல்லிக்கொள்வேன்.

நீ பவளம் வளர்த்த கண்ணாடித் தொட்டியின் தண்ணீரைக் குளிரவைக்கும் மெஷின் போன வாரம் நின்றுவிட்டது. இந்த வெயிலில் தண்ணீர் சூடாகி உன் பவளங்கள் வெள்ளை வெளேரென்று ஆகிவிட்டன. அம்மாவுக்கு ஒரே சந்தோஷம், பாசியெல்லாம் போய்ப் பளிச்சுன்னு ஆயிடுச்சு பாருங்க, இனிமே தேய்க்க வேணாம்லா என்று பக்கத்து வீட்டு விசாலாட்சி அக்காவைக் கூப்பிட்டு வேறு காட்டினார். அந்தப் பாசிதாம்மா அதுக்குச் சோறு போடுது என்றேன், பாசியவா திங்குது, சீ என்றார். தின்பதில்லை, பாசி பவளத்தின் உடம்புக்குள் குடியிருந்து வெளிச்சத்தில் சமைத்துப் போடுகிறது, சூடு தாங்காமல் பவளமே அதை வெளியே தள்ளிவிட்டுப் பட்டினி கிடக்கிறது என்று நீ சொல்லித் தந்ததையெல்லாம் சொன்னேன். அத்தா பேப்பரை இறக்காமலே, செத்துப்போச்சு, ஞாயித்துக்கிழம ஆள் வந்து தொட்டியத் தூக்கிட்டுப் போவான் என்றார்.

எனக்குப் பயமாக இருக்கிறது அண்ணா. கடையை விட்டுவிட்டுக் கடலையா படிக்கப் போகிறாய் என்று அவர் உன்னை வெளியே போகச் சொன்ன பிறகு இந்த வீட்டில் உன் பேச்சு வருவது தொட்டியால்தான். அவன் தொட்டிக்குத் தண்ணி மாத்துனியா என்பார். தொட்டி போனால் அந்த 'அவன்' கூடப் போய்விடும். வெளுத்தது எல்லாம் செத்தது இல்லை, சீக்கிரம் குளிர்ந்தால் பாசி திரும்பி வரலாம் என்று எனக்குத் தெரியும், எத்தனை நாள் தாங்கும் என்பதுதான் தெரியவில்லை. என் ஃபேனைத் தொட்டிப் பக்கம் திருப்பி வைத்திருக்கிறேன். இன்று கடையிலிருந்து வந்த அத்தா, யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக் காய்ச்சல் பார்ப்பதுபோல் கண்ணாடியில் புறங்கையை வைத்துப் பார்த்தார்.

ஞாயிற்றுக்கிழமைக்கு முன் அத்தாவின் போனுக்கே கூப்பிடு. நான் எழுதினேன் என்று சொல்லாதே, இங்கே வெயில் அதிகம் என்று கேள்விப்பட்டதாகச் சொல். மன்னிப்பு, படிப்பு எதையும் இப்போது எடுக்காதே, அவருக்கும் அதெல்லாம் பேச வராது. தண்ணீர் எவ்வளவு சூடு என்று மட்டும் கேள். அவர் எழுந்து போய்ப் பார்த்துச் சொல்வார், அதுவரை லைனை வெட்டிவிடாதே.

வேளைக்குச் சாப்பிடு. உனக்காகத் துஆ செய்யும்,
ரபியா