உப்புப் படகுகள் வந்த தெரு

செப்டம்பர் 4, வியாழன்

ஊரில் பேச்சு: நம் தெருவில் படகு ஓடுவதாக நான் சொன்னேனாம். புத்தி பேதலித்துவிட்டதாம். நகராட்சிக் கூட்டத்தில் நான் சொன்னது வேறு. இது ஒரு காலத்தில் கால்வாய். ஆற்றிலிருந்து உப்புப் படகுகள் வந்து வாசலிலேயே மூட்டை இறக்கின. அதனால்தான் எங்கள் வரிசையில் வீட்டுக்கு ஏழு படி. ரயில் வந்ததும் வியாபாரம் அந்தப் பக்கம் போயிற்று. கால்வாய்மேல் மண்சாலை வந்தது. போன வருடம் அதையும் சிமென்டால் மூடியதிலிருந்து மழைநீர் தேங்குகிறது. இப்போது தெருக்கோடியில் கடைகளும் கட்டினால் நீர் ஆற்றுக்குப் போக வழியே இருக்காது. கட்டக் கூடாது என்றேன். இவ்வளவுதான்.

செப்டம்பர் 9

நகராட்சிப் பொறியாளர் வந்தார். “பாட்டி, கடைக்கு இன்னும் அஸ்திவாரமே தோண்டலையே!”

“நான் உங்களுக்குப் பாட்டி இல்லை” என்றேன்.

செப்டம்பர் 15

இரண்டு மணி நேர மழை. எதிர்வீட்டுத் தையல்காரர் தன் தையல் கடைக்காகப் படிகளை உடைத்துத் தரையைத் தாழ்த்தியவர். அங்கே முழங்கால் தண்ணீர். நடக்க முடியாத அவருடைய அம்மாவைக் கட்டிலோடு தூக்கி வந்து எங்கள் கூடத்தில் படுக்க வைத்திருக்கிறோம்.

மருமகள் கேட்டாள்: “ஏன் அத்தை, தெருக்கோடியில கடையே இன்னும் வரலை. அப்புறம் எது அடைக்குது?”

நகராட்சிக்குத் தொலைபேசி செய்து, தெருவைத் தோண்டிப் பாருங்கள் என்றேன்.

செப்டம்பர் 17

தெருவைத் தோண்டினார்கள். கீழே, கால்வாயை மூடிக் கட்டிய செங்கல் வளைவு, இன்னும் உறுதியாக. பொறியாளர் டார்ச்சோடு உள்ளே தவழ்ந்துபோய்ச் சேறும் சகதியுமாக வெளியே வந்தார்.

“அம்மா, கோவிச்சுக்காதீங்க. கால்வாய் தெருக்கோடிக்கே போகலை. உங்க வீட்டை ஒட்டித் திரும்பி, பின்னறைச் சுவர்ல முட்டி நிக்குது.”

“வாய்க்கு வந்ததைப் பேசாதீங்க” என்று கதவைச் சாத்தினேன்.

பின்னறை — அதற்கு அப்பால் ஆறுதான். படகுகள் நின்ற பிறகு மாமனார் கிடங்காகக் கட்டியது. பிறகு எங்கள் படுக்கையறை. நாற்பத்தொரு வருடம். என் கணவர் உயிர் போனதும் அங்கேதான். ஐயோ, வழிய விடுங்க, வழிய விடுங்கன்னு ஊரெல்லாம் கத்தினேனே — வழிய மறிச்சிக்கிட்டுப் படுத்திருந்தது நானா?

செப்டம்பர் 18

திங்களன்று கனமழை என்று அறிவிப்பு. நான் எழுதிக் கொடுத்தால்தான் பின்னறையை உடைப்பார்களாம்.

மகன் தொலைபேசியில்: “பேசாம இரும்மா. நீயா போய் ஏன் தலையக் குடுக்கறே? சுவத்துக்கு அடியில என்ன இருக்குன்னு யாருக்குத் தெரியும்?”

எனக்குத் தெரியுமே.

கூடத்தில் தையல்காரரின் அம்மா ஒவ்வோர் இடிக்கும் கேட்கிறாள்: “தண்ணி வந்துடுச்சா?”

நான் படித்த கான்வென்டில் சிஸ்டர் அழிப்பான் வைத்துக்கொள்ளவே விடமாட்டார். தவறின்மேல் ஒரு கோடு; பக்கத்திலேயே சரியானது. இரண்டும் எல்லோர் கண்ணிலும் படும்.

செப்டம்பர் 19

இன்று நானே கொண்டுபோய்க் கொடுத்த கடிதத்தின் நகல்:

‘ஐயா, கூட்டத்தில் நான் குறிப்பிட்ட இடம் தவறு. நீரை அடைத்து நிற்பது என் வீட்டின் பின்னறை. கட்டிலையும் பீரோவையும் வெளியே எடுத்துவிட்டேன். சுவரையும் தரையையும் உடைக்கச் சம்மதிக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைக்குள் வேலை முடிய வேண்டும். ஆட்கள் எத்தனை மணிக்கு வருவார்கள் என்பதை எழுத்து மூலம் தெரிவிக்கக் கேட்டுக்கொள்கிறேன்.’